எண்ணெய்க் கையும் கணக்கு மிஷினும்

குற்றாலம் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் உச்சிமாகாளியின் கைக்குத் தனிப் பேர் உண்டு. மெலிந்த ஆள்தான். ஆனால் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி நீளம். வாயும் அதே நீளம். சாரல் விழத் தொடங்கிவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அவர் முன்னால் முதுகுகள் வரிசையில் நிற்கும். சீசன் முடிந்ததும் தென்காசிக் கடைகளில் மூட்டை இறக்கப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் கணக்குப் போடும் இயந்திரங்களின் உலகத்துக்குள் போனது ஒரு கழுத்துப் பிடிப்பின் வழியாக.

அறுபத்து நான்காம் வருஷம், ஆடி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு நூற்பாலை இருந்தது. அங்கே மெட்ராஸிலிருந்து லாரியில் பெரிய பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. ஆலையில் மூன்று ஷிப்டு, பல பிரிவு, நூற்றுக்கணக்கான ஆட்கள். யார் எந்தப் பிரிவில், எந்த ஷிப்டில் என்று எழுதியே குமாஸ்தாக்களின் மாதம் கழிந்துகொண்டிருந்தது. அந்த வேலையைச் செய்யத்தான் மிஷின் வந்திருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் கொடுக்கக் கூடவே வந்தவன் பேர் கடற்கரை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன், மெட்ராஸ் கம்பெனியில் இன்ஜினியர்.

வந்த அன்று காலையில் ஆலைக்காரர்கள் அவனை நேராக அருவிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் வேலை பார்ப்பதா என்று கேட்டார்கள். தண்ணீர் அன்று முழுவீச்சில் விழுந்தது. அவன் ஆசையாக உள்ளே போனான். வெளியே வரும்போது தலை இடதுபக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது.

உச்சிமாகாளி அவனை உட்காரவைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"தலையக் குனிஞ்சி குடுத்தியளோ?"

"ஆமா அண்ணாச்சி."

"பெரிய அருவிக்கு முதுகத்தான் குடுக்கணும் சார். கழுத்தக் குடுத்தா அது வச்சிக்கிடும்."

எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தார். வலி கொஞ்சம் இறங்கியது. தலை மட்டும் நிமிரவில்லை.

"ரெண்டு மூணு நாளைக்குக் குனியப்பிடாது."

"நாளன்னைக்கு மிஷின் ஓடணும் அண்ணாச்சி. மொதலாளி விருந்தாளிகளக் கூட்டிட்டு வாராரு. குனியாம நா எப்படி வயர் மாட்டுவேன்?"

"நா குனியுதேன். நீங்க சொல்லுங்க" என்றார் உச்சிமாகாளி, விளையாட்டாக.

கடற்கரை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானமே ஆலையின் ஜீப்பில் அவரையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஏற்றிக்கொண்டு போனான்.

மிஷின் அறையில் ரெபேக்காள் இருந்தாள். தென்காசிப் பெண். டைப்ரைட்டிங் உயர்நிலை தேறியவள். மதுரைக்குப் போய் அட்டையில் துளை போடக் கற்றுக்கொண்டு வந்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எண்ணெய் வழியும் ஒரு மனிதர் உள்ளே வருவதைப் பார்த்ததும் எழுந்து அட்டைக் கட்டுகளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. அட்டையில ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் மிஷின் வாங்காது. மொதல்ல சீயக்காய் போட்டுக் கையக் கழுவுங்க."

அதுவே அந்த இரண்டு நாளின் நடைமுறையாகிவிட்டது. கழுத்துக்கு எண்ணெய், கைக்குச் சீயக்காய், பிறகு வயர். கொஞ்ச நேரத்தில் கடற்கரை முனகுவான். மறுபடியும் எண்ணெய், சீயக்காய், வயர். உச்சிமாகாளியின் கை பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கடற்கரை ஒரு மேஜைமேல் மல்லாந்து படுத்து, உத்தரத்தைப் பார்த்தபடி உத்தரவு போட்டான். ரெபேக்காள் வரைபடத்தைப் படித்தாள். உச்சிமாகாளி குனிந்தார். ஒவ்வொரு மிஷினாகப் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது, கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கேட்பதுபோல அவர் கேட்டார்.

"இவுக யாரு?"

"இது ஓட்டை போடுத மிஷின்" என்றாள் ரெபேக்காள். "ஆளுக்கு ஒரு அட்டை. பேரு, பிரிவு, வயசு எல்லாம் இந்தக் கட்டையத் தட்டுனா ஓட்டையா விழும். எந்த எடத்துல ஓட்டைங்கறதுதான் கணக்கு."

"அவுக?"

"அது சரிபாக்குத மிஷின். நா தட்டினதையே இன்னொரு தடவ தட்டணும். ரெண்டும் ஒத்து வரலைன்னா நின்னுரும்."

"எங்க வீட்டுக்காரி மாதிரி" என்றார் உச்சிமாகாளி.

மேஜைமேல் கடற்கரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்தில் ஊசி குத்தியது. "அண்ணாச்சி, சிரிக்க வைக்காதிய. கும்பிடுதேன்" என்றான்.

அடுத்தது நீளமாக, வரிசையாகப் பைகள் தொங்க நின்றது. அட்டைக் கட்டை ஒரு முனையில் வைத்தால் ஓட்டையைப் பார்த்துப் பார்த்து அந்தந்தப் பையில் போட்டுவிடும். பிரிவுவாரியாக வேண்டுமா, ஷிப்டுவாரியாக வேண்டுமா, கேட்டபடி பிரிக்கும். கடைசியாக வந்தது எல்லாவற்றிலும் பெரிய மிஷின்; உச்சிமாகாளி அதற்கு வைத்த பேர் பெரியவர். அட்டைகளைப் படித்து, கூட்டி, தாளில் அச்சடித்தும் கொடுப்பார். அவருடைய விலாவில் ஒரு பலகை. பலகை நிறையத் துளைகள். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு வயர் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் எதைக் கூட்ட வேண்டும், எதை எங்கே அச்சடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"அப்ப இவரு மூளை வெளியவே தொங்குதா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"ஐயோ, அண்ணாச்சி" என்று கடற்கரை கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

விருந்தாளிகள் வருகிற நாள் காலையில் எல்லா வயரும் மாட்டியாகிவிட்டது. மானேஜர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரெபேக்காள் அட்டைக் கட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினாள். பெரியவர் ஒரு உறுமு உறுமிவிட்டுத் தடதடவென்று அச்சடிக்கத் தொடங்கினார். தாள் மேலே ஏறி வந்தது. உச்சிமாகாளி தன்னை அறியாமலே கைகூப்பிவிட்டார்.

மானேஜர் தாளைக் கிழித்து வாசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"வாட்ச்மேன் பலவேசத்துக்கு வயசு நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

அவர் விரல் முதல் வரிக்குப் போனது.

"என் வயசு ஒண்ணுன்னு இருக்கு."

வயது வரவேண்டிய இடத்தில் ஆள் நம்பர் வந்துவிட்டது என்று ரெபேக்காளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கதவோரம் நின்ற பலவேசம் மரியாதையாக, "எனக்கு அவ்வளவு ஆவலைங்க ஐயா. அம்பத்திரண்டுதான்" என்றார்.

"மொதப் பிறந்தநாளு இப்பத்தான் கொண்டாடினியளா?" என்று உச்சிமாகாளி மானேஜரைக் கேட்டார்.

கடற்கரை வெடித்துவிட்டான். மேஜைமேல் உருண்டு உருண்டு சிரித்தான். கண்ணில் நீர் கொட்டியது. சிரிப்பின் நடுவே அவன் கழுத்தில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் எழுந்து உட்கார்ந்தான். தலையை வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான், கீழே குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தான். பிறகு மேஜையிலிருந்து குதித்து உச்சிமாகாளியைக் கட்டிக்கொண்டான். மானேஜரும் சிரித்துவிட்டார். அந்த ஆலையில் அவர் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

இடம் மாறியிருந்த இரண்டு வயர்களைக் கடற்கரையே குனிந்து மாற்றினான். இரண்டாம் தடவை எல்லாருக்கும் அவரவர் வயது வந்தது. விருந்தாளிகள் ஈரத்தலையோடு வந்து பார்த்து, தங்கள் பெயரையும் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள்.

சாயங்காலம் மானேஜர் தாளில் மறுபடியும் ஒருமுறை கண்ணை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. "மிஷின் பிரிவு, உச்சிமாகாளி. இது யாரு? நான் எடுக்காத ஆளு எப்படி இதுல வந்தான்?"

"நாந்தான் சார் தட்டினேன்" என்றாள் ரெபேக்காள். "ரெண்டு நாளா இந்தப் பிரிவுல வேல பாத்தது அவருதான."

மானேஜர் கடற்கரையைப் பார்த்தார். கடற்கரை சொன்னான்: "பெட்டி தூக்க, அட்டை சுமக்க, தூசு துடைக்க ஒரு ஆளு வேணும் சார். இவருக்கு ஒவ்வொரு மிஷினும் என்ன பண்ணும்னு தெரியும். கையும் சுத்தமா இருக்கு."

"அட்டை போட்டாச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மானேஜர்.

மாதச் சம்பளம் என்பது உச்சிமாகாளி வம்சத்துக்கே புதிது. அவருக்குத் தலை கிறுகிறுத்தது. மேலகரத்தில் இருந்த வீடு வரை நடந்தே போனார். வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி, தன் பேரை மிஷின் அடித்ததைச் சொன்னார். வீட்டில் மனைவி முப்பிடாதியம்மாள் நம்பவில்லை.

"நீரு எண்ணெய் தேய்க்கப் போன எடத்துல மிஷினுக்கும் தேய்ச்சீரா?"

"தொட்டாலே வைவாக. சீயக்காய்க் கையி இப்போ. மோந்து பாரு."

பிறகு அவர் அந்த அறையிலேயே வருஷக்கணக்காக இருந்தார். சாரல் நாட்களில் ஈரம் ஏறி அட்டைகள் ஊதிக்கொள்ளும், மிஷினுக்குள் போக மறுக்கும். அறையில் பல்புகளை எரியவிட்டு உலரவைப்பது அவர் பொறுப்பானது. லீவு நாட்களில் மட்டும் ஆசைக்காக அருவிக்கரைக்குப் போய் எண்ணெய் தேய்ப்பார். அவர் கையில் முதுகு மாட்டினவர்கள் பாவம், அட்டை பிரிக்கும் மிஷினைப் பற்றி முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். வருஷம் ஒருமுறை பழுது பார்க்க வந்த கடற்கரை ஒருதடவை, வெளிநாட்டில் வயர் பலகையே இல்லாமல் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே ஞாபகம் வைத்துக்கொள்கிற மிஷின் வந்திருப்பதாகச் சொன்னான். கம்ப்யூட்டர் என்று பேர். உச்சிமாகாளி அன்று முழுக்க அந்தச் சொல்லையே மென்றுகொண்டு திரிந்தார்.

அதற்கெல்லாம் முன்னால், அவர் சேர்ந்த வருஷம் வந்த ஆயுத பூஜையில் நடந்தது இது. ஆலையில் அன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். பெரியவருக்கு மாலை போட்டிருந்தார்கள். குங்குமம் மட்டும் எட்டத்தில் இருந்த தட்டிலேயே இருக்க வேண்டும் என்று ரெபேக்காள் காவல் நின்றாள். முப்பிடாதியம்மாள் பட்டுச்சேலை சரசரக்க வந்து, அட்டை பிரிக்கும் மிஷின் முன்னால் சந்தேகத்தோடு நின்றாள்.

ரெபேக்காள் ஒரு கட்டு அட்டையை வைத்து ஓட்டினாள். சடசடவென்று அட்டைகள் பறந்து போய் ஒவ்வொன்றும் தன் தன் பையில் விழுந்தன. முப்பிடாதியம்மாள் குனிந்து பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்கவே இல்லை. புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "ஏ தாயி, இன்னொரு தடவ ஓட்டு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பலவேசம் வீட்டார் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மானேஜர் சம்சாரம்.