பகல் தூக்கத்தின் பக்கத்தில் படித்தவை

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். மகள் பிறந்த பிறகு வந்த பழக்கம் இது. கதையில் குழந்தை வந்தால், அது கடைசிவரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு மனம் வரும். கடைசிப் பக்கத்தில் தெரியவில்லை என்றால் லெண்டிங் லைப்ரரிக்காரரிடமே கேட்டுவிடுவேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் பாதியைத் தட்டி வைத்து மறைத்து, அதில் அவர் லைப்ரரி நடத்தினார்.

“இதுல குழந்தைக்கு எதுனா ஆவுதுங்களா?”

“ஏம்மா, கொலைக் கதை வேணும்ங்கற. குழந்தைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுங்கற. செத்துப்போறவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?”

தைத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

“ஒண்ணும் ஆவல, எடுத்துக்கினு போ. சாவறது எதிர்வூட்டுக் கெழவருதான். கொன்னது யாருன்னும் சொல்லட்டுமா?”

அப்போது நாங்கள் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, அதையொட்டி ஒரு சமையல் இடம். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. அந்த வருடம் பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, அந்த ஒரே அறையில் கட்டிலில் படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பார்.

அவருடைய செக்‌ஷனில் தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. சாப்பிடும்போது இதை ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய தூக்கத்துக்கு நான் காவல். குக்கர் விசில் அவர் வருவதற்குள் அடங்கியிருக்கும். ரேடியோவைத் தொடுவதில்லை. டம்ளர்களைத் துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். மகளிடம் பேச வேண்டுமென்றால் அவள் காதருகே குனிந்து மூச்சாலேயே பேசினேன். சத்தமில்லாமல் செய்யக்கூடியது என்று வீட்டில் மிச்சமிருந்தது படிப்பது ஒன்றுதான்.

பாரூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ வரை படித்தேன், நல்ல மார்க்கும் எடுத்தேன். அதனாலோ என்னவோ எந்தப் புத்தகத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிதான் படிக்க வந்தது. துப்பறியும் நாவலில்கூட யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று மனதில் எழுதிக்கொண்டே வருவேன். அந்த அமைதியில் கதைக்குள் யாராவது கதவைத் தள்ளும்போது கட்டிலில் இவர் புரண்டால் எனக்குத் தூக்கிப் போடும். பாலில் விஷம் கலக்கிற கதை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாரம் மகளின் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். பால்காரர் என்ன பாவம் செய்தார் என்று பிறகு தோன்றியது.

குடும்ப நாவல்கள் வேறு விதமாகப் படுத்தின. நாயகி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள். முடிவில் எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். நானும் அழுவேன். முகம் கழுவியதும் கோபம் வரும். இவள் இரண்டு அத்தியாயம் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதாளே, அவ்வளவு நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? கோபம் அடங்கியதும், அவளுக்கிருந்த பொறுமை எனக்கில்லையோ என்று சந்தேகம் வரும். கதையில் அவள் ஒரு தடவைகூடக் கொட்டாவி விட்டதில்லை.

சரித்திர நாவல்களை லைப்ரரிக்காரர் மிகவும் சிபாரிசு செய்தார். பாகம் பாகமாகக் கொண்டுவந்தேன். ராணிக்குப் பிள்ளை பிறக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அவள் படகில் ஏறி எங்கோ போகிறாள். பிள்ளை எங்கே என்று தேடித் தேடிப் பக்கம் புரட்டினேன், நூறு பக்கத்துக்கு அதன் பேச்சே இல்லை. போர்க்களத்து யானைகளும் என்னை ஈர்க்கவில்லை. என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். யானை என்றால் எனக்கு, ராகிக் கொல்லையை மிதித்துவிட்டுப் போனதைச் சொல்லிச் சித்தி தலையில் அடித்துக்கொண்டதுதான் நினைவுக்கு வரும். அத்தனை முரசும் சங்கும் முழங்குகிற அந்தப் புத்தகத்தை, ஒரு தாள் சத்தம் வராமல் விரலை ஈரமாக்கித் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இவற்றுக்கு நடுவில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அது இரவல் இல்லை, சொந்தம். எந்த மாதத்தில் குப்புற விழ வேண்டும், எப்போது பல் வர வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்றிருந்தது. மகள் பேசினாள். “அம்மா பாலு,” “அப்பா தூங்கு,” எல்லாம் சொன்னாள். ஆனால் எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் சத்தம் இருந்தது. பேச்சு மட்டும் வெறும் காற்றாக வந்தது.

முதலில் எனக்கு அதில் பெருமைதான். என்ன அமைதியான பிள்ளை என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாதான் அதைக் கலைத்தார். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எங்களோடு தமிழ் பேசுவார், வேகம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஒரு நாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் மகளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். மகள் என்னவோ சொன்னாள்.

“ஏமி? சத்தமா சொல்லு, பாப்பா.”

மகள் மறுபடியும் உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இது என்ன, எப்பவும் ரகசியமே பேசுது? புள்ளைக்குக் கொரலு இல்லியா?”

“இல்லைங்க, அவங்கப்பா தூங்கறாரு. அதான்.”

“சரி. இங்க வாசல்ல யாரு தூங்கறாங்க?”

உள்ளே வந்து வளர்ப்புப் புத்தகத்தை எடுத்தேன். பேச்சு வராவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. பேச்சு வந்து குரல் வராத பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் தாள் தையலிலிருந்து விட்டுவிட்டது. பிறகு லைப்ரரியிலிருந்து வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. தொண்டை என்கிற தலைப்பில் அத்தனை வியாதிகள். ஒவ்வொன்றும் மகளுக்கு இருப்பதாகவே பட்டது. டார்ச் அடித்து அவள் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே சிவப்பாக இருப்பது இயல்பா இல்லையா என்று தெரியாமல் என் வாயையும் கண்ணாடியில் பார்த்தேன்.

லீவு நாளில் கணவரிடம் சொன்னேன்.

“சின்னப் புள்ளதான, வரும்,” என்றார்.

“நீங்களும் இப்ப மெதுவாத்தான் பேசறீங்க.”

“எங்க?”

“இதோ, இப்ப. யாரும் தூங்கலயே, நாம ஏன் இப்டி பேசறோம்?”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து சட்டையை மாட்டினார். மகளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் மகளின் நாக்கை அழுத்தியதும் அவள் வீதிக்கே கேட்கும்படி அலறினாள். தொண்டை நன்றாக இருக்கிறது, நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்று சொல்லி ஒரு டானிக் எழுதினார். வைத்தியப் புத்தகம் அன்றே திரும்பிப் போனது. ஆனால் அவர் சொன்ன பேச்சை எங்கே வைத்துக் கொடுப்பது? வீட்டில் கொடுத்தால் இவருடைய தூக்கம் போகும். தூக்கம் போனால் அந்த விரல்கள் என் கண் முன்னால் வந்து நிற்கும். கொடுக்காவிட்டால் இவள் ஸ்கூலில் டீச்சரிடம் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாள். இரண்டில் எந்தப் பயம் பெரிது என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு காலை, இவர் நன்றாகத் தூங்கியதும் கதவை வெளியே பூட்டிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெருவைத் தாண்டினால் மனை பிரித்துக் கல் நட்ட காலி நிலம், அதன் ஓரத்தில் தைல மரங்கள். பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பினேன். அணைந்திருந்தது. மறுபடி நடந்தேன்.

பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, வழவழப்பான தாளில் கரடிப் படங்கள் போட்ட பிள்ளைகள் புத்தகம். அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன், முடியவில்லை. அத்தனை நாள் காதோடு காதாகச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதையின் சொற்கள் கிசுகிசுப்பாகத்தான் வெளியே வந்தன. மூடி வைத்தேன். அன்று திருப்பிக் கொடுக்க வேண்டிய துப்பறியும் நாவல் பையில் இருந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பிரித்து வாய்விட்டுப் படித்தேன். ஒருவன் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து, “கொலை! கொலை!” என்று கத்துகிறான். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

மகள் பாய்ந்து எழுந்து என் வாயைக் கையால் பொத்தினாள்.

“ஷ். அப்பா தூங்கு.”

“அப்பா இங்க இல்ல, கண்ணு. அப்பா வீட்ல இருக்காரு.”

அவள் சுற்றிப் பார்த்தாள். அங்கிருந்து எங்கள் வீடு தெரியாது. கையை மட்டும் எடுக்கவில்லை. அவளுக்கு அப்பா என்றால் எங்கேயோ, எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறவர். அந்தச் சின்னக் கைக்குள் நான் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வீட்டுக்கே போய்விடலாமா என்று இருந்தது.

போகவில்லை. கையை விலக்கி மறுபடி படித்தேன். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். குடும்ப நாவல் நாயகியின் அழுகையைப் படித்தால் மகள் எறும்பு பார்க்கப் போய்விடுவாள். துப்பறியும் கதை என்றால் மடியைவிட்டு நகரமாட்டாள். இது பிள்ளைக்குப் படிக்கிற கதையா என்று ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே படித்தேன். அவளோ அங்கேயும் கிசுகிசுப்பாகவே பேசினாள்.

பிறகு ஒரு நாள் காலை, வீட்டுக்குள்ளேயே அது நடந்தது. இவர் படுத்துச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசற்படி ஓரத்தில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது. மகள் அதைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். முழுக் குரலில் கத்தினாள்.

“கொலை! கொலை!”

இவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தார். “யாரு? இன்னா ஆச்சி? யாரு செத்தா?”

“கரப்பான்பூச்சிங்க.”

“கத்துனது யாரு?”

“பாப்பா.”

“ஏமாயிந்தி? ஏமாயிந்தி?” என்று கேட்டபடி வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கொரலு வந்தா சாமி பேரைச் சொல்லும்னு பாத்தேன். இது போலீஸ்காரன் மாதிரி வருதே!”

இவர் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இன்னொரு வாட்டி சொல்லு,” என்றார். அவள் சொன்னாள். அத்தனை சத்தமாக அல்ல, ஆனாலும் குரலோடு சொன்னாள். அவர் மறுபடி படுத்தார், தூங்கவில்லை. சாயங்காலம் சிவந்த கண்ணோடு கம்பெனி பஸ் ஏறினார். நான் அழ வேண்டிய நாளா சிரிக்க வேண்டிய நாளா என்று தெரியாமல், கையிலிருந்த நாவலின் ஒரே பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வந்தார். டம்ளரை நீட்டியபோது வாங்கிய கையைத்தான் முதலில் பார்த்தேன். விரல்கள் இருந்தன. காபியைக் குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தார்.

“பிரஸ் ஓடறப்ப காதுல வெக்கறதுக்குக் குடுப்பாங்க. இங்க வெச்சிக்கறேன். நீங்க பேசுங்க.”

“இத்தனை நாளா அங்க வெச்சிக்கலயா?”

“அடைக்கற மாதிரி இருக்கும். யாரு வெக்கறாங்க?”

“காது என்னத்துக்கு ஆவும்? அங்கயும் வெச்சிக்கங்க.”

“சரி.”

“நெசமா?”

“சரின்னு சொல்றேன்ல. இதுக்கும் ஒரு புக்கு கொண்டாராத.”

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு நிம்மதி வரவில்லை. இனி நெருப்பு என்று கத்தினாலும் இவருக்குக் கேட்காதே என்று புதிதாக ஒன்று தொடங்கியது.

மகள் மடியில் வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் தட்டினாள். படித்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கட்டிலைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. தூங்குகிறாரா, எங்களுக்காக மூடிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. அவர் கால் லேசாக அசைந்தது. என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. மகள் முழங்கையால் என் வயிற்றில் இடித்தாள்.

“கேக்கல,” என்றாள்.

அதே வரியை மறுபடி, கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.