ஆடி முடியட்டும் என்றார்கள்

செகந்திராபாத்தை அடுத்த ஹப்சிகுடாவில் மங்கையர்க்கரசியின் இட்லிப் பொடியைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. கணவர் ராஜகோபாலின் வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவர், பல வருடமாகத் தன் பெயரையே பாக்கெட்டில் ஒட்டி விற்கிறார். விற்றுக் கொடுப்பவர் தெருமுனை மளிகைக்கடை கிருஷ்ணபிரசாத். தலைமுறைகளாக செகந்திராபாத்தில் ஊறிய தமிழர். "இவ்ளோ நீளமா பேரு கைக்கு, எதுக்கு?" என்று மங்கையர்க்கரசியை மங்காக்காவாகச் சுருக்கியவரும் அவர்தான்.

பெரிய கடைகளில் பொடியை வைக்க வேண்டுமென்றால் பெயரைப் பதிவு செய்யச் சொன்னார்கள். மங்கையர்க்கரசி அரசாங்க இணையதளத்தில் தேடினார். அந்தப் பெயரை யாரும் பதிவுக்குக் கேட்டிருக்கவில்லை. அன்றே மனு போட்டிருக்கலாம். ராஜகோபால் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"ஆடி பிறந்திருச்சு அரசி. ஒரு மாசம் பொறு."

கடையில் சொன்னபோது கிருஷ்ணபிரசாத்தும் அதையே பாடினார். "ஆடியில நக்கோ மங்காக்கா. நல்ல காரியத்துக்கு என்ன அவசரம்?"

பொறுத்தார். ஆவணி பிறந்ததும் பதிவு வேலை பார்க்கும் சாஹித்யாவின் அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெண் மறுபடி ஒருமுறை தேடிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மங்கையர்க்கரசி என்ற பெயருக்கு, அதுவும் பொடிக்கே, மனு வந்திருந்தது. போட்டவர் கிருஷ்ணபிரசாத். போட்டதும் நடு ஆடியில். ஊருக்கெல்லாம் இருக்கிற ஆடி அந்த மனிதருக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

மங்கையர்க்கரசி நேரே கடைக்குப் போனார்.

"ஆடியில வேண்டாம்னு எனக்குத்தானே சொன்னீங்க?"

"பேர் சும்மா கிடந்துச்சு மங்காக்கா. பொடி நீங்களே போடுங்க. பேர் மட்டும் கடைக்கு இருக்கட்டும்." கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. என்ன நெஞ்சழுத்தம்!

"என் பேரை ஒரு நாளாவது முழுசாச் சொல்லியிருக்கீங்களா? இப்பச் சொல்லுங்க, கேப்போம்."

அவர் கல்லாவிலிருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினார். அலமாரியிலிருந்த பொடிப் பாக்கெட்டுகளை மங்கையர்க்கரசி ஒன்று விடாமல் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"முன்னாடியிருந்தே அந்தப் பேர்ல விக்கிறது நீங்கதான் மேடம்," என்றாள் சாஹித்யா போனில். "அதைச் சொல்லி நீங்களும் மனு போடுங்க. அவரோடதை எதிர்க்கலாம். கேஸ் இழுக்கும், ஆனா இனிமே லேட் பண்ணாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பியவரை ராஜகோபால் வாசலில் மறித்தார். "பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது அரசி. பன்னிரண்டுக்கு மேல போயேன்."

"தெரியும்," என்று செருப்பை மாட்டினார் மங்கையர்க்கரசி. "பதினோரு மணிக்குத்தான் போடப் போறேன்."