பவானியின் கம்ப்யூட்டர் அணைந்த மூன்று வாரம்

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியறையில் பத்தொன்பது வருஷமாக மனு டைப் அடித்துக் கொடுக்கிறாள் பவானி. தம்பியை அண்ணன் ஏமாற்றியது, போலிக் கையெழுத்துப் போட்டது, எல்லைக்கல்லை நகர்த்தி நட்டது என்று தினமும் ஐந்தாறு கதை அவள் விரல் வழியாகப் போகும். அதனாலோ என்னவோ, யாரையும் அவள் சட்டென்று நம்புவதில்லை. காஸ் சிலிண்டர் வந்தால்கூட எடை போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

மார்ச் மாதம் அவளுடைய கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. மனுவில் பாதி அடித்திருப்பாள், திரை கறுத்துவிடும். மேசையில் யாராவது கை ஊன்றினாலும் அணைந்தது.

பக்கத்து அறையில் அதே தொழில் செய்யும் சுந்தரலிங்கத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அவள் அறைக்குக் கரண்ட் வரும் மெயின் பெட்டி வராந்தாவில், அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குப் பூட்டுப் போட்டாள். அவரோடு பேச்சையும் நிறுத்தினாள். அப்படியும் அணைந்தது.

மூன்று வாரம் இப்படிப் போனதும், வேறு வழியில்லாமல் கம்பம் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜாஸ்பரிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

“அங்கன வச்சிட்டுப் போங்கக்கா. சாயங்காலம் பாத்து வைக்கிறேன்.”

“நான் இங்கனயே இருக்கேன். நீ பாரு.”

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த ஜாஸ்பர் சிரித்துவிட்டான். ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. யாரும் மாற்றிவிடக் கூடாதே என்று பவானி வைத்த அடையாளம். திருகுகளைக் கழற்றி, எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய அட்டையான மதர்போர்டை வெளியே எடுத்தவன் முகம் மாறியது.

“இத யாருக்கா மாட்டுனாக?”

“பெரியகுளத்துல ஒருத்தரு.”

ஜாஸ்பர் மதர்போர்டைத் திருப்பினான். அடிப்பக்கத்திலும் சிவப்புப் புள்ளி. அவன் பவானியின் நகங்களைப் பார்த்தான். அதே சிவப்பு.

“அவருகிட்டயும் இதே கலரு இருக்காக்கா?”

பவானி உண்மையைச் சொன்னாள். பழைய பெட்டிக்குள் எலி கூடு கட்டிவிட்டது. வேறொரு பழைய பெட்டி கிடைத்ததும், ஆள் வைத்தால் பாகத்தைத் திருடிவிடுவான் என்று வீடியோ பார்த்து அவளே எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினாள். மதர்போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைக் கால்கள் அந்தப் பெட்டியில் இல்லை. தகரத்தில் படக் கூடாதென்று, முன்பு வாங்கியபோது மதர்போர்டு வந்த வெள்ளிநிறக் கவரை விரித்து அதன் மேலேயே வைத்துத் திருகுகளை முறுக்கிவிட்டாள்.

“அந்தக் கவர வெளிச்சத்துல பிடிங்கக்கா.”

பிடித்தாள். ஊசியால் குத்தியதுபோல் எத்தனையோ ஓட்டைகள்.

“அடியில இருக்க ஈய முனையெல்லாம் பொத்துக்கிட்டுத் தகரத்தத் தொட்டிருக்கு. ஓட்டை இல்லாட்டியும் இந்தக் கவரு லேசாக் கரண்ட் கடத்தும். போர்டு எரியாம இருந்ததே பெரிசு.”

அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் கால் அவனிடமும் இல்லை. எதிரே சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்கி வந்து, ஒரே உயரத்தில் துண்டு துண்டாக நறுக்கினான்.

“ஏப்பா, திராட்சைக்குத் தண்ணி விடுற குழாய இதுக்குள்ளயா வைக்கப் போற?”

“பிளாஸ்டிக்குதானக்கா. கரண்ட் போகாது.”

ஒன்பது துண்டுகளையும் ஸ்கேலால் அளந்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் மறுபடி நறுக்கினான். நீளத் திருகில் குழாய்த் துண்டைக் கோத்து, திருகின் தலைக்கடியில் பிளாஸ்டிக் வளையம் போட்டு மாட்டினான். பவானி பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒடுக்கமாகக் கிழித்து, குழாய்த் துண்டுகளுக்கு இடையே மதர்போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் விட்டு இழுத்தாள். எங்கேயும் தட்டவில்லை. அப்புறம்தான் மூடவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வரை ஒருமுறைகூட அணையவில்லை. சுந்தரலிங்கம் வாசலில் வந்து நின்றார்.

“என்ன பவானி, இன்னிக்கு அணையவே இல்ல போல?”

அவள் சுருக்கென்று நிமிர்ந்தாள். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அணைஞ்சா நீ என்னயத் திட்டுறது சுவத்துக்கு அங்கிட்டு வரைக்கும் கேக்கும்ல. இன்னிக்குச் சத்தமே இல்ல.”

பவானி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அண்ணே, நான் மாட்டுனதுதான் தப்பு,” என்றாள்.

சுந்தரலிங்கம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு தன் பிரிண்டரும் தாளைக் கடிப்பதாகச் சொல்லி, ஜாஸ்பரின் நம்பரைக் கேட்டார்.