திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்து

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பாரத்தைத் திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமையே பேனாவால் நிரப்பிவிட்டேன். படிவம் நான்கு வகுப்புக்குப் போகும் என் மகளுக்கு உயிரியல் பாக்கேஜ், அதாவது உயிரியல் சேர்ந்த பாடத் தொகுப்பு. கிள்ளானில் எங்கள் சொந்தத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள்.

அவள் கேட்டது இயற்பியல், கூடுதல் கணிதம், கணினி. வானியலாளர் ஆக வேண்டுமாம். அதற்கு எந்த ஆபீசில் பஞ்ச் கார்டு கொடுப்பார்கள் என்று அவள் அப்பா சிரித்தார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் யாரையும் விசாரிக்காமல் உயிரியலுக்கு டிக் போட்டுவிட்டோமே என்று உறுத்தியது. ஞாயிறு காலை பாரத்தையும் பையில் வைத்துக்கொண்டு, கோலாலம்பூரில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு அவளோடு ரயிலேறினேன்.

ஒரு பல்கலைக்கழக இயற்பியல் மேசையில் தமிழ்ப் பெண் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். கைப்பேசியில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முதலில் இயற்பியல் பட்டம், பிறகு முதுகலை, முனைவர் பட்டம் என்றார். உயிரியல் தேவையே இல்லையாம். வேலை?

"மறைக்கல அக்கா, வானியலாளர்னு இங்க வேலை கொஞ்சம்தான். வெளிநாட்டுக்குப் போக வேண்டி வரலாம். ஆனா எங்களுக்குப் பாதி நாள் கம்ப்யூட்டர்லதான் வேலை. அது தெரிஞ்சவங்கள பேங்க்கூட எடுத்துக்கும் லா."

பிறகு மகளிடம் ஏதாவது செய்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். ஒரு நட்சத்திரத்தின் ஒளி, குறுக்கே கிரகம் போகும்போதெல்லாம் மங்குகிறது. இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் தொலைநோக்கித் தகவல்களை வைத்து அவளே நிரல் எழுதி வரைந்தது. ஏன் பாதியில் நிற்கிறது என்றார் அவர்.

"அம்மா லேப்டாப்பை எடுத்து வச்சிட்டாங்க. கேம் விளையாடுறேன்னு நெனச்சிட்டாங்க."

மூன்று வாரமாக அது என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. எனக்கு முகம் சுட்டது. அவர்கள் இருவரும் அந்த வரைபடக் கோட்டின் பள்ளங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாதி புரியவில்லை. ஆனாலும் என் நெஞ்சு படபடவென்று அடித்தது. இது பயமில்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பும்போது சுபாங் ஜெயா நிலையத்தில்தான் உட்கார இடம் கிடைத்தது. பாரத்தை மடியில் வைத்து உயிரியலைக் குறுக்கே அடித்தேன். அவள் கேட்டதற்கு டிக் போட்டு, ஆபீசில் செய்வதுபோல் திருத்திய இடத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டேன். ரயில் ஆட்டத்தில் அது கோணிக்கொண்டது.

"டீச்சர் ஒத்துக்குவாங்களாம்மா?"

"பக்கத்துல சைன் இருந்தா செல்லும்."

செல்லுமா என்று ஷா ஆலம் வரும்வரை யோசித்தேன். அவள் அதற்குள் லேப்டாப் எப்போது கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.