பெரிய பாதி

ரயிலை விட்டு இறங்கியதும் எம்ரிஸ் வாசல் பக்கம் போகமாட்டார். எஞ்சினை நோக்கி நடப்பார். அடிலெய்டு சட்டசபை மெம்பருக்குரிய கறுப்புக் கோட்டோடு குனிந்து, சக்கர அச்சைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். டிரைவரோடு இரண்டு வார்த்தை. அதன் பிறகுதான் ஊருக்குள் நுழைவார்.

"வந்துட்டாருய்யா மாட்டு வைத்தியர்" என்பார் ஹார்டிகன்.

ஹார்டிகன் இந்த ஊரிலேயே பிறந்த டிரைவர். வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த எம்ரிஸ் அவரிடம்தான் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தார். ஆரம்பத்தில் அள்ளிய கரியில் பாதி கீழே சிந்தியது. பேசும்போது மட்டும் ஒரு சொல்லும் சிந்தவில்லை. கை துடைக்கும் வேஸ்ட் பஞ்சை இரண்டாகக் கிழித்து, பெரிய பாதியை டிரைவருக்குக் கொடுப்பது இந்த லைனில் ஃபயர்மேன்களின் வழக்கம். அதை ஹார்டிகன் ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தார்.

ஓயாத ஷிஃப்டு, ஒழுகும் தங்குமிடம் என்று ஹார்டிகன் எஞ்சினில் புலம்பியதையெல்லாம் எம்ரிஸ் சட்டசபையில் பேசினார். "இது ஹார்டிகன் அண்ணன் சொன்னதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். பத்திரிகையில் அதுவும் வந்தது. திருடியிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

ஹார்டிகன் வீட்டிலும் அதே கதைதான். எம்ரிஸ் சாப்பிட வந்தால், மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பணியாரத்தின் முறுகிய ஓரத்தை ஹார்டிகனின் மனைவி டெஸ் அவர் தட்டில் வைப்பாள். கல்யாணமான நாள் முதல் அந்த ஓரம் ஹார்டிகனுடையது.

இந்தத் தடவை ஹார்டிகன் எதிர்த்தே நின்றுவிட்டார். தேர்தலில் தொழிற்கட்சிக்கு யார் நிற்பது என்று அன்று மாலை கிளைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்கள். மதியம் எம்ரிஸ் பிளாட்பாரத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறிப் பேச ஆரம்பித்தார். பக்கத்திலேயே, மெயிலுக்கு வழிவிட்டு, ஹார்டிகனின் கூட்ஸ் நின்றது.

"நல்லா வாரிப் போடு, நெட்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்குண்ணே இவ்வளவு கரி?" என்றார் ஃபயர்மேன்.

"போடுய்யான்னா போடு."

ஆவி ஏறியது. சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு அலறியது. பெட்டியின் மேல் எம்ரிஸின் வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. ஹார்டிகன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரயில்வேக்காரர்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். நிற்கிற எஞ்சின் ஆவியைக் கொட்டினால் இங்கே டிரைவருக்குத்தான் அவமானம். எல்லாத் தலையும் எஞ்சின் பக்கம் திரும்பியது. ஒருவன் கிட்டே வந்து, கையைக் குவித்துக் கத்தினான்:

"யோவ் ஹார்டிகன், ஊருக்கே வெந்நீர் போடுறியா?"

"கரி என்ன மாமனார் வீட்டுச் சீதனமா?" என்றான் இன்னொருவன்.

ஹார்டிகனுக்குக் காது சிவந்தது. மாலையில் அவருக்காக உயர வேண்டிய கைகள் இவைதான்.

எம்ரிஸ் பெட்டியை விட்டு இறங்கினார். கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு எஞ்சினில் ஏறினார். நெட் ஒதுங்கிக்கொண்டார். எம்ரிஸ் அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பாய்லருக்குத் தண்ணீர் விட்டார். டிரைவர் பக்கம் கால் வைக்கவில்லை. அலறல் சீறலாக இறங்கி ஓய்ந்தது.

இனி இவர் ஒரு நக்கல் அடித்தால் போதும், மாலைக் கூட்டமே தேவையில்லை. ஹார்டிகன் அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

எம்ரிஸ் வெளியே தலை நீட்டினார். "சிரிக்காதீங்கப்பா. முன்னால மேடு இருக்கில்ல? அதுக்குத்தான் அண்ணன் ஆவி சேத்து வச்சிருக்காரு."

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவும் இல்லை. ஹார்டிகனுக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு பொய்கூடத் தனக்கு வந்திருக்காது.

எம்ரிஸின் கையெல்லாம் கரி. பலகையிலிருந்த வேஸ்ட் பஞ்சை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பெரிய பாதியை நீட்டினார்.

ஹார்டிகனின் கையில் அன்று துடைக்க ஒன்றுமே இல்லை. அவர் வாங்கும்வரை எம்ரிஸ் நீட்டிய கையை இறக்கவில்லை.