வரலாற்று டீச்சர் கார் பழகிய கதை

நான் கார் ஓட்டப் பழக்குகிறவள். ஆக்லாந்தின் வடகரைப் பக்கம் பத்தொன்பது வருடமாக இதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்குமேல் நம்முடைய பெண்கள். யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர் என்று எங்கிருந்து வந்திருந்தாலும் முதல் நாள் சொல்லும் கதை ஒன்றுதான். வீட்டுக்காரர் பழக்கப் பார்த்தார், சரிவரவில்லை.

நான் சொல்லப்போகிறவளும் அந்தக் கதையோடுதான் வந்தாள். ஆனால் அவள் கதையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கணவருக்கு இங்கே ஆல்பனியில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. வீட்டில் நிற்பது உயரமான பெரிய வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் அவளைப் பழக்கக் கூட்டிப் போயிருக்கிறார். ரவுண்டபவுட்டுக்குள் நுழைந்ததும் அவர் "பிரேக்! பிரேக்!" என்று கத்த, அவள் வண்டியை நடுவிலேயே நிறுத்தி, சாவியை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். பின்னால் ஹார்ன் அடித்த கார்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டிருக்கிறாள்.

"எவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"மூணு கிலோமீட்டர் இருக்கும்க்கா. நல்லா இருந்துச்சு."

நாற்பதை நெருங்கிய வயது. கோயம்புத்தூரில் பதின்மூன்று வருடம் மேல்நிலைப்பள்ளியில் வரலாறு நடத்தியவள். இங்கே வந்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். வேலைக்கு மனுப் போட்ட இடத்திலெல்லாம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் அவளை டீச்சர் என்றே கூப்பிடத் தொடங்கினேன். அதைக் கேட்டதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என் கார் சின்னது, வெள்ளை. அமெரிக்காவின் பழைய பெரிய கார்க் கம்பனி ஒன்றின் பெயர் அதன் மூக்கில் இருந்தது. பிறந்ததென்னவோ ஜெர்மனியில். அதே மொடலில் அது எனக்கு மூன்றாவது கார். புதிதாகப் பழகுகிற பெண்களுக்கு அது பயம் காட்டாது. முன்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியும், திருப்பினால் திரும்பும்.

முதல் மூன்று பாடமும் அவள் கை ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியைப் பார்த்து எனக்கே தோள் வலித்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குமேல் ஏறமாட்டாள். எதிரே பஸ் வந்தால் மூச்சை நிறுத்திவிடுவாள். நாலாவது பாடத்துக்கு வந்தபோது சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, எனக்கு ஒரு பொருளைப் பத்திப் படிச்சாத்தான் பயம் போகும். இந்தக் கார்க் கம்பெனியோட வரலாறை லைப்ரரில எடுத்தேன். இதை ஆரம்பிச்சவர் அதுக்கு முன்னாடி தொடங்கின ரெண்டு கம்பெனியும் உருப்படல, தெரியுமா? மூணாவதுதான் நின்னுச்சு."

"ஓமோ? நான் இவ்வளவு காலம் இதில இருக்கிறன், எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் பாருங்கோ, சிக்னல் போடுங்கோ, எடுங்கோ."

அவள் எடுத்தாள், பேச்சையும் நிறுத்தவில்லை. சாதாரண ஆட்களும் வாங்கக்கூடிய கார் என்று அந்த மனுஷன் செய்து முதல் பெரிய வெற்றி கண்ட வண்டிக்கு மூன்று பெடல். ஆனால் மூன்றில் ஒன்றும் வேகம் கூட்டுகிற பெடல் இல்லை. ஒன்று கியருக்கு, நடுவில் உள்ளது பின்னால் போக, மற்றது பிரேக். வேகத்துக்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. ஸ்டார்ட் பண்ண முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். சில நேரம் அது திருப்பியடித்துக் கையை முறித்துவிடும்.

"அதை ஓட்டிக் காட்டின பொம்பளைங்க எல்லாம் இருந்தாங்கக்கா. எனக்கு ரெண்டே பெடல்."

அப்போதுதான் பார்த்தேன். வேகமானி ஐம்பதைக் காட்டியது. அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் சும்மா தொட்டபடி இருந்தன. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "பிறகு?" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பாடமும் ஒரு அத்தியாயமாக நடந்தது. செங்குத்தான தெருவொன்றில் மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழக்கியபோது, அந்தப் பழைய காருக்குப் பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும், மூக்கு மேலே தூக்கினால் வழியாது, அதனால் செங்குத்து மேட்டில் பின்பக்கமாக ஏற்றுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். கார் சட்டகம் நகர்ந்து வர, ஆள் நின்ற இடத்திலேயே நின்று ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிற முறை வந்த கதையை பஸ் லேனுக்குப் பக்கத்தில் ஓட்டியபடி சொன்னாள். அந்த வேலை அலுத்துப்போய் ஆட்கள் விட்டுவிட்டு ஓட, முதலாளி சம்பளத்தை இரட்டிப்பாக்கினாராம். அதோடு, தொழிலாளர் வீட்டில் குடிக்கிறார்களா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆளும் அனுப்பினாராம்.

"என் மாமியார் மாதிரி," என்றாள் டீச்சர். சிரித்தபடியே ரவுண்டபவுட்டில் நுழைந்து, சரியான லேனில் வெளியே வந்தாள். அவள் அதை ரவுண்டானா என்பாள். ஒரு மாதம் போக எனக்கும் அதுவே வாயில் வரத் தொடங்கியது.

ஒருநாள் நான் சொன்னேன்: "டீச்சர், உங்கட புத்தகத்தில இல்லாத ஒண்டு எனக்குத் தெரியும். இந்தக் கம்பனியின்ர கார் ஒரு காலம் இந்த ஊரிலயே பொருத்திப் பூட்டினவங்கள். என்ர அண்ணா அங்க வேலை செய்தவர்."

அவள் காரை இடது ஓரமாக ஒழுங்காக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்த இடத்துக்குப் போலாமா?"

அது நகரத்தின் தெற்கே, மனுகாவ் பக்கம். ஆல்பனியிலிருந்து பாலத்தைக் கடந்து, நகரத்தின் நடுவால், மோட்டர்வேயில் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். மோட்டர்வேக்கு அவளை இன்னும் கூட்டிப் போனதில்லை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை இரண்டு பாடத்தை ஒன்றாக்கினேன். அண்ணாவுக்கும் போன் எடுத்தேன். அவர் அதற்குப் பக்கத்தில், பாபகூராவில் இருக்கிறார். "அங்க பார்க்க என்ன கிடக்கு?" என்று கேட்டாலும் வருகிறேன் என்றார்.

பாலத்தில் ஏறும்போது டீச்சர் கதையை நிறுத்திவிட்டு முன்னால் மட்டும் பார்த்தாள். உச்சியில் கடல் இரண்டு பக்கமும் விரிய, "அக்கா, நான் பார்க்கல, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றாள். "நல்ல வெயில். பாய்க்கப்பல் கனக்க நிக்குது, எண்ண ஏலாது," என்றேன். இறங்கியதும் பெரிய மூச்சொன்று விட்டுவிட்டு, நிறுவனர் மகனின் பெயரை வைத்து ஒரு கார் விட்டு, வாங்க ஆளில்லாமல் கம்பனி கையைச் சுட்டுக்கொண்ட கதையை எடுத்தாள். மனுகாவ் வரை அது போதுமானதாக இருந்தது.

தொழிற்சாலை இருந்த பக்கம் இப்போது நீளமான பண்டகசாலைகள். லொறிகள் பின்னோக்கி வரும்போது எழுப்பும் பீப் சத்தம். அண்ணா ஒரு வேலியோரம் தன் காரில் சாய்ந்தபடி நின்றார். டீச்சர் இறங்கிப் போய் வணக்கம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.

"நீங்க என்ன வேலைண்ணா செஞ்சீங்க?"

"கதவுக்கு றப்பர் வைக்கிறது. மழைத் தண்ணி உள்ள வராமல் சுத்திவர ஒரு றப்பர் இருக்குமெல்லே, அது. கார் துண்டு துண்டாப் பெட்டியில வரும். நாங்கள் பூட்டுவம். வெளியில இருந்து முழுக் காராக் கொண்டுவந்தால் வரி அதிகம். அதால இஞ்ச பூட்டினவங்கள். பிறகு அந்த வரியை நீக்கப் போகினம் எண்டு கதை வந்தது. ஒருநாள் எல்லாரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டுச் சொன்னவை, மூடுறம் எண்டு."

"ரொம்ப வருத்தமா இருந்திருக்குமே?"

அண்ணா யோசித்தார். "என்னோட நிண்ட சமோவாத் தீவுக்காரர் பதினெட்டு வருசம் அங்க. அவர் அழுதவர். நான் வந்து ரண்டு வருசம்தானே. எனக்குக் கட்டைவிரல் நோவு. றப்பரை அழுத்தி அழுத்தி நகமே வளரேல்லை. மூடின பிறகு பஸ் ஓட்டப் போனன். அது நல்ல வேலை."

டீச்சர் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். அவரும் எங்களுக்காக அதை நீட்டிக் காட்டினார். நகம் ஒழுங்காகத்தான் வளர்ந்திருந்தது. பிறகு அவர் எங்கள் காரின் கதவைத் திறந்து, றப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவி, "வடிவா வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது டீச்சர் நூறில் ஓட்டினாள். இனி லைசென்ஸ் சோதனைக்குப் போடலாம் என்று அன்று முடிவெடுத்தேன்.

சோதனையில் தோற்றாள்.

சோதனை எடுத்தவர் அமைதியான வெள்ளைக்காரப் பெண். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் பேசாதவர். அந்த அமைதி டீச்சருக்குத் தாங்கவில்லை. இந்தக் காரின் கம்பனி எப்படித் தொடங்கியது தெரியுமா என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருக்கிறாள். மூன்று பெடல் கதை நடுவில் இருக்கும்போது வேக எல்லை அறுபதிலிருந்து ஐம்பதாகக் குறைகிற பலகை வந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அதே அறுபதில் அந்தத் தெரு முழுக்கப் போயிருக்கிறாள்.

அவள் அழவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அவங்க கதையை ரசிச்சாங்கக்கா," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தோற்றது அவளில்லை, நான்தான். கதை சொன்னால்தான் அவள் கை இளகும் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தில், கதை சொல்லாமல் ஓட்ட அவளை நான் பழக்கவே இல்லை. பத்தொன்பது வருட அனுபவத்தில் இப்படியொரு பிழை. அடுத்த பாடத்தில் அதை அவளிடமே சொன்னேன்.

"பிழை என்னில, டீச்சர். இனிக் கம்பனிக் கதை காருக்குள்ள வேண்டாம்."

"அக்கா, சத்தமில்லாம இருந்தா எனக்கு எங்க வீட்டுக்காரர் குரல் கேக்குது. பிரேக், பிரேக்னு."

அப்படியானால் என்ன செய்வது? சும்மா இருக்கச் சொன்னால் பயம் வருகிறது. பேசவிட்டால் கண் றோட்டை விட்டுப் போகிறது. அந்தத் தெரு முனையில் காரை நிறுத்தி வைத்திருந்தோம். குப்பை லொறி ஒன்று வீடு வீடாக நின்று நின்று வந்தது.

"சரி, கதையுங்கோ," என்றேன் கடைசியில். "ஆனால் முன்னால தெரியிறதை மட்டும் கதையுங்கோ. காணுறதெல்லாம் ஒண்டும் விடாமல்."

அவள் எடுத்தாள். "குப்பை லாரி நிக்குது. அதுக்குப் பின்னாடி ஒரு சிவப்புக் கார். பலகை ஐம்பது. வலது பக்கம் ஒரு அம்மா குழந்தைத் தள்ளுவண்டியோட, ரோட்டைக் கடக்கலாம், தெரியல. நான் மெதுவாப் போறேன். கடக்கல. போறேன்..." அரை மணித்தியாலம் இப்படியே. கொஞ்சம் போகப் பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது. அடுத்தடுத்த பாடங்களில் குரல் குறைந்தது. கடைசிப் பாடத்தில் உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாம் முறையும் அதே பெண்தான் சோதனை எடுத்தார். நான் வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன். கார் திரும்பி வந்து கோட்டுக்குள் நின்றது. இரண்டு பேரும் உள்ளே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இறங்கி வந்து, "பாஸ்க்கா. முடிஞ்சதும் மீதிக் கதையைச் சொல்லுன்னு கேட்டாங்க. அதான் லேட்டு," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கைக்குட்டையைத் தேடித் தந்தாள்.

அதே வருடம் என் காரின் கியர் பெட்டி போய்விட்டது. திருத்துவதைவிட மாற்றுவது நல்லது என்றார் மெக்கானிக். நாலாவது தடவையும் அதே மொடலை வாங்கலாம் என்று காட்சியறைக்குப் போனேன். உள்ளே நின்றதெல்லாம் பின்பக்கம் சாமான் ஏற்றத் தட்டு வைத்த யூட் வண்டிகளும், ஏணி வைத்து ஏற வேண்டிய அளவு உயர்ந்த குடும்ப வண்டிகளும். சின்னக் கார் செய்வதையே நிறுத்திவிட்டோம், ஆட்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று விற்பனையாளர் பணிவாகச் சொன்னார். அதில் ஒன்றில் ஏறி இருந்து பார்த்தேன். முன்னால் ஒரு மேசையளவு பானெட். இதில் ஒரு புதுப் பெண்ணை எப்படிப் பழக்குவது? நன்றி சொல்லி இறங்கி, பக்கத்துத் தெருவில் ஒரு ஜப்பான் காருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

புதுக் காரை எடுக்கிற அன்று, என்னை அங்கே கொண்டுபோய்விட டீச்சர் வந்தாள், கணவருடைய அந்தப் பெரிய வண்டியில். அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. நான் பழக்குகிற காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இந்த வண்டியில் இல்லை. ஆனாலும் என் வலது கால் ஒவ்வொரு சந்தியிலும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே வந்தது.

"அக்கா, காலை எடுங்க," என்றாள், கண்ணை றோட்டிலிருந்து எடுக்காமலே.

எடுத்தேன். வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர், ஒருவருக்கும் தன் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். "மிஸ்னு கூப்பிடுங்கடான்னு விட்டுட்டேன்." வாசலில் என்னை இறக்கிவிட்டு, இரண்டரைக்கு மகளை நீச்சல் வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று உள்ளேகூட வராமல் கிளம்பினாள். இடது சிக்னல் போட்டாள், தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தாள், போனாள்.