என் கடிதங்களை உடைத்த சாமித்தம்பி

போன செவ்வாய்க்கிழமை கரடியனாற்று பஸ் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், சாமித்தம்பி அண்ணன் மோசம் போயிற்றார். நேத்தே அடக்கம் பண்ணியாச்சி." நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். தபால் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், காட்டிக்கொடுத்தவர் என்று அவரை ஏசியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஆசிரியர் சங்கச் செயலாளர். மொழி உரிமை பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுவேன். அவர் கந்தோரில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கும் இலிகிதர். ஒருநாள் மீன் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சிட புள்ள போன கதை அறிஞ்சன். மனசத் தளர விடாதீங்க மாஸ்டர்" என்றார். துக்கச் செய்தி தெரிந்த பிறகு விசாரிக்காமல் கடந்துபோக எங்கள் ஊர் மனிதரால் முடியாது. ஆனால் எனக்கே அது தெரியாது. கதிரவெளியிலிருந்து தங்கை எழுதிய கடிதம் மறுநாள்தான் வந்தது. உறையின் ஓரம் நனைந்து, திரும்ப ஒட்டப்பட்டிருந்தது.

அடித்துவிடும் கோபத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. "பொலிஸ் கேட்டிச்சாம், கந்தோர்ப் பெரியவர் உடைக்கச் சொன்னார். எட்டு மாசமா உங்களுக்கு வாறதையும் நீங்க போடுறதையும் நான்தான் உடைக்கிறன். அந்தப் புள்ளையப் பத்தி வாசிச்சிட்டு, உங்களக் கண்டும் பேசாமப் போக ஏலாமப் போச்சு."

எழுத்தில் கட்டளை இல்லாமல் உடைத்தது சட்டவிரோதம் என்றார் என் வழக்கறிஞரான பிறக்கிராசியார். ஆனால் உடைத்தவரே வந்து சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. சொன்னால் அவருடைய வேலை போய்விடும். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். எல்லாம் தெரிந்துகொண்டே சாட்சி சொல்ல வரும்படி கேட்டேன். "கோட்டுக்கு வாறன் மாஸ்டர்" என்றார்.

சாட்சிக் கூண்டில் அவரை அரச தரப்பு அப்புக்காத்து மிரட்டிப் பார்த்தார். சாமித்தம்பி குரலை உயர்த்தவில்லை. "ஓம் ஐயா, நான்தான் உடைச்சன். பெரியவர் சொல்லித்தான் உடைச்சன். ஆர் சொன்னாலும் நான் உடைச்சிருக்கப்படாது."

வழக்கில் நான் வென்றேன். உடைக்கச் சொன்ன பெரியவருக்கு இடமாற்றம் கிடைத்தது. சாமித்தம்பிக்குக் கந்தோர் இரகசியத்தை வெளியிட்டார் என்று வேலை நீக்கம். மனைவியின் வயல் வட்டையில் வேளாண்மை செய்து பிழைக்கலாமென்று குடும்பத்தோடு கரடியனாற்றுக்குப் போனார். அவருக்காக இரண்டு மனுக்கள் எழுதினேன், பலனில்லை. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பத்து வருடங்கள் அப்படியே போய்விட்டன.

செய்தி கேட்ட அன்றே போனேன். அவர் மனைவி என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "தபால்காரன் வாற நேரம் வாசல் படலையடியில போய் நிப்பார். மாஸ்டர் எழுதுவார் எண்டு சொல்லுவார். கடைசிவரைக்கும் நிண்டார்."

யார் யாருக்கோ நான் எழுதியதையெல்லாம் வாசித்தவர் அவர். அவருக்கென்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை, வெட்கத்தில் எழுதவில்லை. தீர்ப்பின் பிரதி அலுமாரியில் கிடக்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது, படலையடியில் அவர் காத்து நின்ற அந்தப் பத்து வருடங்கள்தான்.